நமது காதுக்கு எது வேண்டும் என்பதை நாமே தீர்மானிப்போம்

(ஸ்பிரிங்வெளியில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், இளைஞர் அணியினர் கூட்டத்தில் சங்கக் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், கொழுந்து நிறுவை, வீடு, காணி என்று பேசுகிற இடத்தில் இன்று பொட்காஸ்ட் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "ஹெட்செட்டை மாட்டிக்கிட்டுத் திரியிற பிள்ளைங்க விஷயமா?" என்று ஓர் அம்மா கேட்டார். ஆமாம் அம்மா, அந்த விஷயந்தான். ஆனால் அது பிள்ளைகளோடு முடிகிற விஷயம் அல்ல. நாம் எதைக் கேட்கிறோம், அதை யார் நமக்காகத் தெரிவு செய்கிறார்கள் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அது தொழிற்சங்கக் கேள்வி என்பதால்தான் இந்தக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தோம்.

முதலில் பொட்காஸ்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறோம். அது ரேடியோ நிகழ்ச்சி மாதிரித்தான். ரேடியோவில் ஒரு நேரத்துக்கு வரும், தவறவிட்டால் போயிற்று. பொட்காஸ்ட் பதிவு செய்து இணையத்தில் வைக்கப்பட்டிருக்கும். நமக்கு நேரம் கிடைக்கும்போது போனில் இறக்கிக் கேட்கலாம். நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், வேகம் கூடிப் போனால் மெதுவாக்கலாம். இந்தப் பெயர் 2004ஆம் ஆண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. இன்று தமிழிலேயே செய்தி, கதை, வைத்தியம், சட்டம், வரலாறு என்று கேட்டு முடிக்க ஆயுள் போதாத அளவுக்கு இருக்கிறது.

பெயர் புதிது என்றாலும் வேலை புதிது அல்ல. நமது சமூகம் காதால் படித்த சமூகம். பள்ளிக்கூடம் நமக்கு ஒழுங்காகக் கிடைக்காத காலத்திலும் பொன்னர் சங்கர் கதை நமக்குத் தெரியும். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் தெரியும். இராத்திரி முழுக்க விழித்திருந்து கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

தொழிற்சங்கமும் நமக்குக் காது வழியாகத்தான் வந்தது. 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர் பத்திரிகைக்காரர். பத்திரிகை மட்டும் அச்சடித்தால் தொழிலாளியைச் சென்றடையாது என்பது அவருக்கும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளுக்கும் விளங்கியது. மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். நம்முடைய சம்பளம், கடன், உரிமை எல்லாம் அந்தப் பாட்டுகளில் இருந்தன. கையெழுத்துப் போடத் தெரியாத நமது பாட்டிமார் அந்தப் பாட்டைக் கேட்டு, மலையில் கொழுந்து எடுக்கும்போது தாங்களும் பாடினார்கள். பின்னால், நாடாளுமன்றத்திலும் தொழிற்சங்கத்திலும் இருந்த சி. வி. வேலுப்பிள்ளை, நமது மக்கள் வாயில் இருந்த பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். கேட்டது பாட்டாகி, பாட்டு புத்தகமானது.

அதற்குப் பிறகு ரேடியோ வந்தது. லயத்தில் ஒரு காம்பராவில் ரேடியோ இருந்தால் அந்த இஸ்தோப்பு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இலங்கை வானொலியில் மயில்வாகனனின் குரல், கே. எஸ். ராஜாவின் குரல், அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' நாடகம் போகும் நேரத்தில் அடுப்பில் ரொட்டி கருகிய கதை நமது வீடுகளில் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. இரவானால் பி.பி.சி. தமிழோசை. 1941இல் தொடங்கிய அந்த ரேடியோச் சேவை 2017 ஏப்ரல் மாதத்தோடு நின்றது. அது நின்ற இடத்தில் நமது காதுக்கு என்ன வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குரல் பதிவுகள் வந்தன. யார் பேசுகிறார் என்று பெயர் இருக்காது. என்றைக்குப் பேசியது என்று திகதி இருக்காது. "எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று மட்டும் இருக்கும். இதனால் நமக்கு வந்த குழப்பத்துக்குச் சம்பளத்தையே உதாரணமாக எடுப்போம். 2021இல் நாட் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. 2024 ஏப்ரல் 30ஆம் திகதி 1700 ரூபாய் என்று இன்னொரு வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த ஆண்டு செப்டம்பரில் அடிப்படை நாட் சம்பளம் 1350 ரூபாய் என்று வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபாயும், அரசாங்கத்தின் வரவுக் கொடுப்பனவு 200 ரூபாயும் சேர்த்து 1750 என்று அறிவிக்கப்பட்டது. இப்போது 2024 மே மாதத்தில் ஒருவர் பேசிய பதிவை, திகதி இல்லாமல், ஆறு மாதம் கழித்து ஒருவர் அனுப்பினால் என்ன நடக்கும்? அவர் சொன்னது அன்றைக்குச் சரி. கேட்கிற அன்றைக்குப் பிழை. பெரட்டுக் களத்தில் நாம் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிப்போம். அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் வேறு ஆட்கள்.

ஒழுங்கான பொட்காஸ்டில் நிகழ்ச்சியின் பெயர் இருக்கும், வெளியிடுகிறவர் யார் என்று இருக்கும், திகதி இருக்கும். அதனால் அதில் சொல்வதெல்லாம் உண்மை என்று நாம் சொல்லவில்லை. பிழை என்றால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும்.

தோழர்களே, வேலை செய்துகொண்டே கேட்பது, கேட்பதைத் தொழிலாளர்களே தெரிவு செய்வது என்பதில் நமக்கு முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

ஒன்று பக்கத்தில் இருக்கிறது. கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில் பீடி சுற்றும் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கைதான் வேலையில் இருக்கும்; காது சும்மா இருக்கும். ஆகவே தங்களில் ஒருவரை வாசிக்க உட்கார வைத்தார்கள். அவர் பத்திரிகை வாசிப்பார், கதை வாசிப்பார். வாசிக்கிற நேரத்தில் அவரால் பீடி சுற்ற முடியாது அல்லவா? மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பீடியை அவர் கணக்கில் போட்டு அவருடைய கூலியைச் சரிக்கட்டினார்கள். 1960களின் கடைசியில் பீடித் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தை அமுல்படுத்தியபோது முதலாளிமார் கம்பனிகளை மூடிவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் கலைந்து போகவில்லை. 1969இல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த ஒற்றுமைக்குக் காரணம் பல. தினமும் ஒரே செய்தியை ஒன்றாகக் கேட்டு, ஒன்றாக வாதாடிப் பழகியதும் அதில் ஒன்று என்றே நாம் நினைக்கிறோம்.

மற்றது தூரத்தில், கியூபா நாட்டில். அங்கே சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865ஆம் ஆண்டிலேயே இந்த வாசிப்பு தொடங்கிவிட்டது. வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல, தொழிலாளர்கள். எந்த நாவலை வாசிப்பது என்று தொழிலாளர்களே கைதூக்கித் தீர்மானித்தார்கள். அடுத்த ஆண்டே அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. சுருட்டு சுற்றுகிறவன் பத்திரிகை கேட்டால் கேள்வி கேட்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாசிப்பு பிறகு திரும்பவும் வந்தது. கியூபாவிலிருந்து அமெரிக்காவின் தம்பா நகரத்துக்குப் போன தொழிலாளர்கள் அதைத் தங்களோடு கொண்டு போனார்கள். 1931இல் அங்கே முதலாளிமார் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் வாசிப்பவர் உட்கார்ந்த இடத்தில் ரேடியோப் பெட்டி வந்தது.

இதைக் கவனியுங்கள். ரேடியோ கெட்டது அல்ல. காதுக்கு ஏதோ கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எதைக் கேட்பது என்ற தீர்மானம் தொழிலாளியின் கையை விட்டுப் போயிற்று. இன்று நமது போனில் நடப்பதும் அதுதான். ஒன்றைப் பார்த்து முடித்தால் அடுத்ததைப் போனே போட்டுவிடுகிறது. அது நமக்கு எது நல்லது என்று பார்த்துப் போடுவதில்லை. எதைப் போட்டால் நாம் போனை வைக்காமல் இருப்போம் என்று பார்த்துப் போடுகிறது. சண்டையைக் கேட்டவருக்குச் சண்டையே வரும். சாத்திரம் கேட்டவருக்குச் சாத்திரமே வரும். தினமும் வெறும் சோறு சாப்பிட்டால் உடம்பு என்ன ஆகும்? பக்கத்தில் ஒரு பருப்பு, ஒரு கீரை, ஒரு சம்பல் வேண்டாமா? காதுக்கும் அப்படித்தான்.

ஆகவே கல்விக் குழு ஒரு யோசனை வைக்கிறது. வாரத்துக்கு ஐந்து நிகழ்ச்சி. ஒவ்வொன்றும் வேறு வகை.

முதலாவது, செய்தி. அவுஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பான எஸ்.பி.எஸ். தமிழ் தனது நிகழ்ச்சிகளைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பொட்காஸ்டில் போடுகிறது. இலங்கை, இந்தியச் செய்திகளும் அதில் வரும். சில நிமிடங்களில் முடியும்.

இரண்டாவது, உரிமையும் சட்டமும். இதில் ஓர் எச்சரிக்கை. தமிழில் கிடைக்கிற சட்ட நிகழ்ச்சிகளில் அதிகம் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. பாஷை ஒன்று, சட்டம் வேறு. அங்கே பிரசவ லீவு 26 வாரம் என்பார்கள். இங்கே நமக்கு 84 நாள். அங்கே பணிக்கொடை வருடத்துக்கு 15 நாட் சம்பளம் என்பார்கள்; இங்கே 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். நாம் சேவைக்காலப் பணம் என்று சொல்வது அதுதான். ஈ.பி.எஃப். கணக்கும் வேறு. ஆகவே சட்டம் கேட்டால் முதல் கேள்வி, "இது எந்த நாட்டுச் சட்டம்?" சந்தேகம் என்றால் தோட்டத் தலைவரிடமோ மாவட்டக் காரியாலயத்திலோ கேளுங்கள். ஆனாலும் அங்கே உள்ளதைக் கேட்பது வீண் அல்ல. பக்கத்து நாட்டில் தாய்மாருக்கு 26 வாரம் கொடுக்க முடிகிறது என்று தெரிந்தால், இங்கே ஏன் முடியாது என்று நாம் கேட்கலாம்.

மூன்றாவது, சுகாதாரம். சலரோகம், பிரஷர், பிள்ளைகளின் போசாக்கு. பேசுகிறவர் வைத்தியரா, மருந்து விற்கிறவரா என்று பாருங்கள். கடைசியில் ஒரு போன் நம்பர் சொல்லி ஏதாவது வாங்கச் சொன்னால் அது விளம்பரம். அதைக் கேட்டு ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நான்காவது, கதை. கதையைக் கடைசி இடத்தில் வைக்கக் கூடாது என்பது மாதர் சங்கத் தலைவிகளின் கட்டளை. தீபிகா அருண் என்பவர் 'கதை ஓசை' என்ற பெயரில் தமிழ்க் கதைகளையும் கல்கியின் நாவல்களையும் வாசித்துப் போட்டிருக்கிறார். அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்கலாம். வாசிக்கத் தெரியாத நமது அம்மாமாருக்குப் புத்தகம் என்பது இவ்வளவு காலம் பூட்டிய பெட்டியாக இருந்தது. இப்போது பேத்தியின் போனில் அந்தப் பெட்டி திறந்திருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காம்பராவில் ஸ்பீக்கரில் போட்டால் லயமே கேட்கும்.

ஐந்தாவது, நாம் தேடாத ஒன்று. நமக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிற ஒன்றை வாரம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நட்சத்திரம், கடல், வேறு நாட்டுத் தொழிலாளர், பழைய வரலாறு எதுவாகவும் இருக்கலாம். ஓ.எல். படிக்கிற பிள்ளைகளுக்கு பி.பி.சி.யின் ஆறு நிமிட ஆங்கிலப் பாடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற நேரத்தில் ஒன்று முடிந்துவிடும். சிங்கள நிகழ்ச்சிகளையும் கேளுங்கள். பதுளை டவுனில் கந்தோருக்குப் போய் நிற்கும்போது அது கை கொடுக்கும்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். டேட்டாவுக்குக் காசு எங்கே? வீடியோ அளவுக்குக் குரல் டேட்டாவை விழுங்காது. சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறக்குறைய 1 எம்.பி. போகும். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு 30 எம்.பி. போதும். அதே அரை மணி நேரம் வீடியோவாகப் பார்த்தால் அதைப் போலப் பல மடங்கு. இன்னொரு வழியும் உண்டு. 'அன்ரெனாபொட்' என்ற இலவசச் செயலியில் ஒருவர் ஒரு தடவை இறக்கினால் போதும். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கேட்கலாம். தோட்டத்துக்கு ஒரு பிள்ளை இறக்கினால் ஒரு லயத்துக்கே காணும்.

இனி, கேட்கக் கூடாத இடங்கள். மலையில் நிற்கும்போது இரண்டு காதையும் அடைக்க வேண்டாம். குளவிக் கூடு கலைந்தால் முதலில் தெரிவது சத்தத்தில்தான். "குளவி!" என்று பக்கத்து நிரையில் கத்துவது கேட்க வேண்டும். குளவி கொட்டி நாம் எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. றோட்டில் நடக்கும்போதும் அப்படியே. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் காதும் கண்ணும் தராசில் இருக்கட்டும். நாம் கதை கேட்டுக்கொண்டு நின்றால் நமது கிலோ எங்கே போகிறது என்று தெரியாது.

இன்னொன்று, அனர்த்த எச்சரிக்கைக்குப் பொட்காஸ்ட் உதவாது. அது பழைய பதிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் பட்ட அடி இன்னும் ஆறவில்லை. அந்த நாட்களில் கரண்ட் இல்லை, பல இடங்களில் போன் சிக்னல் இல்லை. ஆகவே ஒவ்வொரு லயத்திலும் பற்றரி போட்ட ஒரு ரேடியோ இருக்கட்டும். எச்சரிக்கைகள் தமிழிலும் சிங்களத்தில் வருகிற அதே நேரத்தில் வர வேண்டும் என்பது நமது கோரிக்கை. அதை நாம் விடப் போவதில்லை.

கடைசியாக, முக்கியமான விஷயம். இவ்வளவு நிகழ்ச்சிகளைத் தேடிப் பார்த்ததில் எங்களுக்கு ஒன்று உறைத்தது. சென்னையின் குரல் இருக்கிறது, சிட்னியின் குரல் இருக்கிறது, கொழும்பின் குரல் இருக்கிறது. ஸ்பிரிங்வெளியின் குரல் எங்கே? நமுனுகுல மலையடிவாரத்தில் கொழுந்தெடுத்த கையின் கதை எங்கே? நம்மைப் பற்றி மற்றவர்கள் பேசியது கிடைக்கிறது. நாம் பேசியது மிகக் குறைவு.

நமது லயங்களில் எழுபது, எண்பது வயதுத் தாத்தாமார், பாட்டிமார் இருக்கிறார்கள். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அண்ணனைத் தலைமன்னார் வரை கொண்டு போய்க் கப்பலேற்றியவர்கள் இருக்கிறார்கள். 1970களின் பஞ்சத்தில் பிள்ளைக்குக் கொடுக்க எதுவும் இல்லாமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள். 1984இல் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்று வந்த மாதத்தில் முதன்முதலாகச் சரிசமமாகக் காசு எண்ணி வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் போனால் அந்தக் குரலும் போய்விடும். நூலகம் நிறுவனம் தனது ஆவணகத்தில் தமிழ் பேசும் மக்களின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைச் சேர்த்து இலவசமாக வைத்திருக்கிறது. நமது பாட்டிமாரின் பேச்சும் அப்படி ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு ஸ்ரூடியோ தேவையில்லை. கையிலிருக்கிற போன் போதும். மழைச் சத்தம் தகரத்தில் விழாத நேரமாகப் பாருங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். "இதை மற்றவர்கள் கேட்கலாமா?" என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். திகதியையும் இடத்தையும் முதலில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். குறுக்கே பேசாதீர்கள். பாட்டி அழுதால் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி கொடுங்கள்.

ஆகவே மூன்று விஷயத்தைக் கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு கேட்போர் வட்டம். வாரத்தில் ஓர் இரவு, அரை மணி நேரம் கேட்பது, கால் மணி நேரம் பேசுவது. எதைக் கேட்பது என்று வட்டமே தீர்மானிக்கும். கல்விக் குழு உத்தரவு போடாது. கியூபாத் தொழிலாளி கைதூக்கினார் அல்லவா, அப்படி.

இரண்டு, இந்தச் சங்கப் பத்திரிகையை மாதாமாதம் இளைஞர் அணியில் ஒரு தம்பியோ தங்கையோ வாசித்துப் பதிவு செய்வது. தொடக்கத்தில் மாதமும் ஆண்டும் சொல்லப்பட வேண்டும். பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர்களில் அதை வாசிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் முழுச் சந்தாதான் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் பத்திரிகை போய்ச் சேர வேண்டும்.

மூன்று, அடுத்த கூட்டத்துக்கு முன் தோட்டத்துக்கு ஒரு முதியவரின் பதிவு.

காலையில் பெரட்டுக்கு யார் வர வேண்டும், எந்த மலைக்குப் போக வேண்டும் என்று இன்றுவரை வேறு ஒருவர்தான் நமக்குச் சொல்கிறார். வேலை முடிந்த பிறகு நமது காதில் என்ன விழ வேண்டும் என்பதையாவது நாம் தீர்மானிப்போம்.

தொடக்கத்தில் சிரித்த அந்த அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்து உடனே போய்விட வேண்டாம், அம்மா. முதல் பதிவை உங்களிடமிருந்தே தொடங்கலாம் என்று இருக்கிறோம். உங்களுக்குச் சம்மதமென்றால் மட்டும்.